பக்திப் படம் வரையும்போது தவிர்க்க வேண்டியவை

மாதாவையோ, சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தையோ செபமாகவே வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், நன்றாகக் கைதேர்ந்தவர்கள்கூட, பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: நற்செய்தியைத் திறக்காமல் தூரிகையை எடுத்துவிடுகிறார்கள்.

நாலு படங்களைத் தேடிப் பிடித்து, பிடித்த ஒன்றைப் பார்த்து வரைந்தால் படம் வந்துவிடும். ஆனால் அது வேறொருவர் தியானித்தது. உயிர்த்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமாவின் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் ஓவியத்தில் தோமாவின் விரல் ஆண்டவருடைய விலாக் காயத்துக்குள்ளேயே போயிருக்கும். அதனால் அவர் தொட்டார் என்றே பலரும் நினைக்கிறோம். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கையை நீட்டி விலாவில் இடும்படி இயேசு சொல்கிறார். தோமா தொட்டதாக ஒரு வரியும் இல்லை. அடுத்த வசனத்திலேயே "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" என்று சொல்லிவிடுகிறார். இப்போது அந்தக் கையை எங்கே வைப்பீர்கள்? பாதி வழியில் நின்றுவிட்டதா, தாழ்ந்துவிட்டதா, கூப்பிவிட்டாரா? இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் செபம். கோடு போடுவது அப்புறம்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. பெத்லகேமுக்குப் போகும் பாதை எவ்வளவு நீளம், சமதளமா மேடுபள்ளமா, குகை எவ்வளவு தாழ்வு என்றெல்லாம் மனக்கண்ணில் பார்க்கச் சொல்கிறார். வரைகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அடுத்த தவறு, உருக்கத்தை அள்ளிக் கொட்டுவது. இரத்தமும் கண்ணீரும் கூடக்கூட பக்தி கூடும் என்று ஓர் எண்ணம். புளோரன்ஸ் நகரின் சான் மார்கோ மடத்தில், துறவிகளின் அறைச் சுவர்களில், தாமும் துறவியான ஓவியர் ஃபிரா ஆஞ்சலிக்கோ வரைந்த ஓவியங்களைப் பாருங்கள். அவர்கள் செபிப்பதற்காகவே வரைந்தவை அவை. இயேசுவைக் கேலி செய்யும் காட்சியில் படைவீரர் கூட்டமே இல்லை. அடிக்கும் கைகள், துப்பும் ஒரு தலை, அவ்வளவுதான் அந்தரத்தில் தெரிகின்றன. கீழே ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் அந்தத் துறவிகளின் சபையை நிறுவிய புனித சாமிநாதர் (தோமினிக்) புத்தகம் வாசித்துக்கொண்டு. கொடுமையை இவ்வளவு குறைத்துக் காட்டியதால்தான் அங்கே பார்ப்பவருக்கும் இடம் கிடைக்கிறது.

அதே ஆஞ்சலிக்கோ முறையாகப் பயின்ற ஓவியரும்கூட. செபித்தால் போதும், கை தானாக வரும் என்று நம்பி பயிற்சியை விட்டுவிடாதீர்கள். முட்டைக் கருவில் குழைத்த வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும். மெல்லிய கோடுகளாக, அடுக்கடுக்காகத்தான் ஏற்ற முடியும். அவசரப்படுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. அந்தப் பொறுமையும் செபத்தில் சேர்ந்ததுதான். செபமாலை எண்ணிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டே முகம் வரைவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். இரண்டிலும் மனம் நிற்காது. வரையும்போது ஒரு சின்ன மன்றாட்டு போதும்.

அடையாளங்களை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. சிலுவை பொறித்த ஒளிவட்டம் கிறிஸ்துவுக்கு உரியது. பேதுருவிடம் சாவி, பவுலிடம் வாள். நமக்குப் பிடித்த ஒரு நல்ல மனிதர் இறந்துவிட்டார் என்பதற்காக அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடவும் கூடாது; திருஅவை அங்கீகரிக்காதவர்களுக்கு அப்படிப் போடுவதை திருத்தந்தை எட்டாம் உர்பான் 1625-இலேயே தடை செய்தார்.

படம் முடிந்ததும் அதைப் பற்றியே பெருமிதமோ பயமோ கொள்வதும் வேண்டாம். உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அதில் காட்டப்பட்டவரையே சேர்கிறது என்று 787-இல் கூடிய திருஅவை ஆயர்களின் இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மந்திரிக்காத, அதாவது குருவானவர் ஆசீர்வதிக்காத, படம் சரியாக வரவில்லை என்றால் கூச்சப்படாமல் அழித்துவிட்டு மறுபடி வரையலாம். மந்திரித்த படம் சிதைந்துபோனால் குப்பையில் போடாமல் எரிப்பது அல்லது மண்ணில் புதைப்பது வழக்கம்.