ஜிஆப்ஜெக்ட்: டிஸ்போஸ் ஒரு முறைதான் ஓடும் என்று நம்பாதீர்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் மென்பொருள் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி, தே தாரிக் (மலேசியப் பால் தேநீர்) ஆறுவதற்குள் மூன்று முறை புலம்பிவிட்டார். "அண்ணே, விண்டோவை மூடினாலே புரோகிராம் செத்துடுது. நான் உருவாக்கினத நான்தானே அழிக்கிறேன்?"

அந்த 'நான்தானே'யில்தான் கோளாறு. ஜிஆப்ஜெக்ட் என்பது சி மொழியில் பொருள்களை (ஆப்ஜெக்ட்) உருவாக்கி நிர்வகிக்கும் முறை; விண்டோ, பொத்தான் வரையும் ஜிடிகே நூலகம் அதன் மேல்தான் நிற்கிறது. அதில் நாம் எதையும் அழிப்பதில்லை, பிடியை (ரெஃபரன்ஸ்) விடுகிறோம். ஜி_ஆப்ஜெக்ட்_நியூ புதிய பொருளைத் தரும்போது பிடிகளின் எண்ணிக்கை 1. ரெஃப் கூட்டும், அன்ரெஃப் குறைக்கும், 0 ஆனால்தான் பொருள் போகும். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) ஒருவர் எழுந்ததும் மேசையைத் துடைக்க வரமாட்டார்கள் அல்லவா? எண்ணிக்கையைப் பார்க்காமல் நினைவகத்தை ஜி_ஃப்ரீ போட்டு விடுவிப்பவர், மற்றவர் சாப்பிடும்போதே தட்டைப் பிடுங்குகிறார்.

பொருள் போகும் முன் தன் பிடிகளை விட ஓடும் செயல் டிஸ்போஸ். தம்பியின் டிஸ்போஸில் இருந்த வரி இது: ஜி_ஆப்ஜெக்ட்_அன்ரெஃப்(செல்ஃப்->போர்ட்). போர்ட் என்பது விண்டோ பிடித்து வைத்திருந்த இன்னொரு பொருள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஜிடிகே 3-இல் விட்ஜெட்டை (விண்டோ, பொத்தான் போன்ற திரை உறுப்பை) டெஸ்ட்ராய் செய்தால் டிஸ்போஸ் அப்போதே ஒரு தடவை ஓடும்; கடைசிப் பிடி விடும்போது மறுபடியும் ஓடும். இரண்டாம் தடவை அந்த போர்ட் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த முகவரி. ஜி_கிளியர்_ஆப்ஜெக்ட்(&செல்ஃப்->போர்ட்) என்று எழுதினால் பிடியை விட்டு, பாயிண்டரையும் 'நல்' (எதையும் சுட்டாதது) ஆக்கிவிடும்; இரண்டாம் தடவை ஒன்றும் ஆகாது. பிறர் மீதுள்ள பிடிகளை விடும் இடம் டிஸ்போஸ். சொந்த எழுத்துச்சரம், பஃபர் போன்றவற்றுக்கு, பொருள் கடைசியாகப் போகும்போது ஓடும் ஃபைனலைஸ். அது ஒரே ஒரு தடவைதான் ஓடும். இரண்டிலும் கடைசி வரியாகத் தாய் வகுப்பின் அதே செயலைக் கூப்பிட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

பிறப்பிலும் ஒரு பொறி உண்டு. கட்டும்போது கொடுக்கும் பிராப்பர்ட்டிகளை (பொருளின் பண்புகளை), பொருள் பிறந்ததும் முதலில் ஓடும் இனிட்டில் படித்தால் வெறும் பூஜ்ஜியம்தான் கிடைக்கும். அவை அதற்குப் பிறகுதான் உட்காரும். படிக்க வேண்டிய இடம், அவை உட்கார்ந்த பிறகு ஓடும் கன்ஸ்ட்ரக்டட். ஜி_ஆப்ஜெக்ட்_நியூவின் கடைசியில், பிராப்பர்ட்டிப் பட்டியல் முடிந்ததைக் காட்டும் 'நல்' போட மறந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

மிதக்கும் ரெஃப் பலரைக் குழப்பும். கன்டெய்னரில் (மற்ற விட்ஜெட்டுகளைத் தாங்கும் விட்ஜெட்டில்) வைக்கப்போகும் புதிய ஜிடிகே விட்ஜெட்டின் முதல் பிடி யாருக்கும் சொந்தமில்லாமல் மிதக்கும். கன்டெய்னரில் சேர்த்ததும் கன்டெய்னர் அதை எடுத்துக்கொள்ளும். அதன்பின் நாம் அன்ரெஃப் செய்தால் அது கன்டெய்னரின் பிடியைத் திருடுவது. பட்டியல் தரவை வைத்திருக்கும் ஜிடிகே லிஸ்ட்ஸ்டோர் அப்படியில்லை. அதைத் திரையில் காட்டும் ட்ரீவியூவுக்குக் கொடுத்த பிறகு நம் பிடியை நாம்தான் விட வேண்டும். பெயரைப் பார்த்து ஊகிக்காமல், கொடுக்கும் செயல் பிடியை எடுத்துக்கொள்கிறதா என்று ஆவணத்தில் பாருங்கள்.

தம்பி வரியை மாற்றினார், விண்டோ அமைதியாக மூடியது. ஃபைனலைஸில் ஒரு ஜி_பிரிண்ட் போடச் சொன்னேன். ஒன்றும் அச்சாகவில்லை; அதாவது விண்டோ இன்னும் போகவில்லை. வரியை மாற்றியபோதே புதிதாகச் சேர்த்த, விநாடிக்கொருமுறை ஓடும் டைமருக்கு விண்டோவை ரெஃப் செய்து கொடுத்துவிட்டு, டைமரை நிறுத்தவே இல்லை. "அப்போ இன்னொரு தே தாரிக் அண்ணே" என்றார்.