பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? மொட்டை மாடியில் தொடங்குங்கள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு நாங்கள் முதலில் செய்த வேலை டைல்ஸ். வெள்ளையில் சாம்பல் ரேகை ஓடும் பெரிய ஓடுகள், அம்மா ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தவை. அந்த ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள் இரவு, கூரையிலிருந்து முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. இரண்டு ஓடுகள் விரிசல் விட்டுவிட்டன. நல்லவேளை, யாரும் அங்கே படுத்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் கம்பி செதில் செதிலாகத் துருவேறிக் கிடந்தது. நாங்கள் டைல்ஸ் கடையில் நிறம் பார்த்துக்கொண்டிருந்த நாளிலும் அந்தத் துரு அங்கேதான் இருந்திருக்கிறது.

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்: மொட்டை மாடி, கூரை, சுவர், குழாய், மின்சாரம், கடைசியில் தரையும் பெயிண்டும். மழைத் தண்ணீர் இறங்கும் வழியிலேயே வேலையும் இறங்கி வர வேண்டும்.

படி 1: வீட்டைத் தட்டிப் பாருங்கள்

ஒரு சிறிய சுத்தியல், ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்டூல் போதும். கூரையின் ஒரு மூலையில் தொடங்கி, அரை அடிக்கு ஓர் இடமாக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் காரை பிடித்திருக்கிறது. 'டொப்' என்று பானையைத் தட்டுவதுபோல் கேட்டால் உள்ளே விட்டுவிட்டது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். தட்டும்போது நேர் கீழே நிற்காமல் ஓர் ஓரமாக நில்லுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி விளிம்பு, குளியலறைக்குக் கீழே இருக்கும் கூரை, இந்த மூன்றையும் விட்டுவிடக் கூடாது.

கடற்காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளை வழியாகக் கம்பி வரை போகிறது. துருப்பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கும் மேல் பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது புண்ணுக்குமேல் பவுடர் போடுவதைப் போன்றது.

குறித்த இடங்கள் நிறைய இருந்தால், கட்டடப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து வரவழையுங்கள். பில்லரையோ பீமையோ தொடும் எந்த வேலைக்கும் அவர் சொல்தான் முடிவு.

உங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் என்றால் கணக்கே வேறு. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துக்கல்லாகக் கோத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட கூரை அது. உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; மரம் உளுத்துப்போவது அங்கேதான். ஒரு கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது. இந்த வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும், பிறகு சுவர் பொரிந்துகொண்டே இருக்கும்.

படி 2: மாதத்தைக் குறியுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. மாடி வேலையைப் பொங்கல் கழிந்து ஆரம்பித்தால் வெயில் உங்கள் பக்கம். ஓதம் ஏறிய சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். அதற்கும் கோடைதான் உதவும். தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று ஆவணியில் தொடங்குபவர்கள் பாதி வேலையில் மழையிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 3: மேஸ்திரியோடு எழுதிக்கொள்ளுங்கள்

பழகிய மேஸ்திரியாகவே இருக்கட்டும், நாற்பது பக்க நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சதுர அடிக் கூலியா, நாள் கூலியா? பொருள் யார் வாங்குவது? இடித்த குப்பையை யார் அகற்றுவது? நம் சந்துகளில் இன்னொரு கேள்வியும் உண்டு: லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டால், எம்சாண்டை, அதாவது கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணலை, வீடு வரை சுமக்கும் கூலி யாருடையது? இதைப் பேசாமல் விட்டதால் முதல் நாளே சண்டையில் முடிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எம்சாண்டு யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. இறக்கும் முன் லாரித் தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து பெருக்கிப் பாருங்கள்.

முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மாடி முடிந்தால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தைக் கையில் நிறுத்துங்கள். மொத்தச் செலவுக்குமேல் ஐந்தில் ஒரு பங்கு தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீட்டில் சுவரை உடைத்த பிறகுதான் உண்மை தெரியும்.

பூச்சு, பெயிண்ட், தரை மாற்றுதல் போன்றவை சாதாரணப் பழுதுபார்ப்பு. மாடி எழுப்புவது, அறை கூட்டுவது என்றால் கட்டட அனுமதி வாங்கிய பிறகே கடப்பாரையைத் தொட வேண்டும். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருந்தால், இடிக்கும் முன் அவர்களிடம் போய், "அக்கா, நாளை முதல் வேலை நடக்கும், உங்கள் பக்கச் சுவரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்கள் அதில் பதிந்திருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

படி 4: மாடியும் கூரையும்

மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மழைநீர்க் குழாயை நோக்கி 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வேண்டும். மாடியில் பதித்த தட்டை ஓடுகள் தூக்கியிருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும். பழைய ஓட்டின்மேலேயே இன்னொரு அடுக்குப் போட்டால் கூரைக்குப் பாரம்தான் கூடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சரிவாக மெழுகி உருட்டிவிடச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் இறங்குகிறது. மழைநீர் சேகரிப்புக் குழாயையும் இப்போதே சுத்தம் செய்துவிடுங்கள்.

கூரையில் 'டொப்' கேட்ட இடங்களை நல்ல கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது, அதைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குத் தோண்ட வேண்டும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகு பழுதுபார்க்கும் கலவையால் மூட வேண்டும். தேய்ந்து மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி வேண்டுமா என்பதைப் பொறியாளர் சொல்வார்.

கலவைத் தண்ணீரில் மிகுந்த கவனம் தேவை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில், உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடற்கரையோரப் போர்வெல் தண்ணீர் நாக்கில் கரித்தால் அதைக் கலவைக்கும் ஊற்றாதீர்கள், தளத்தை நனைக்கவும் ஊற்றாதீர்கள். உப்பை வெளியே எடுக்கப் பணம் செலவழித்துவிட்டு, அதே உப்பை நாமே உள்ளே ஊற்றலாமா? மெட்ரோ தண்ணீர் லாரிக்கு ஆகும் செலவைப் பார்க்க வேண்டாம். புதிய கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் 10 நாள் நனைத்து வையுங்கள்.

படி 5: குழாயும் மின்சாரமும்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த தெருக்களில் நாம் இருக்கிறோம். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுச் சுவரில் ஏறியது. தண்ணீர் நின்ற கறை சுவரில் இருந்தால், தரைத்தளத்து பிளக் பாயிண்டுகள் அனைத்தையும் அதற்குமேல் ஏற்றுங்கள். விளக்குக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (RCCB) கட்டாயம் வையுங்கள். ஈரச் சுவருள்ள வீட்டில் உயிரைக் காப்பது அதுதான். மழையில் பாதாளச் சாக்கடை எதிர்த்து வரும் தெரு என்றால், வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு வைக்கப் பிளம்பரிடம் சொல்லுங்கள்.

சுவரை மூடும் முன், டேப்பை விரித்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, குழாயும் ஒயரும் போகும் பாதையைப் போட்டோ எடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

படி 6: குளியலறை, தரை, பெயிண்ட்

குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்க்கூரையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை என்றால்தான் டைல்ஸ். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். குளியலறைக்கு வழுக்காத ஓடு வாங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நிறத்தைவிட இதுதான் முக்கியம். சுவர் முழுதும் உலர்ந்த பிறகே பட்டியும் பெயிண்டும்.

கையில் நிறுத்திய பத்து சதவீதத்தை, மாடியில் ஒரு மணி நேரம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டு, கூரையை மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். மீந்த ஓடுகளில் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் ஏற்றி வையுங்கள். எங்கள் கூடத்தில் விரிசல் விட்ட இரண்டு ஓடுகளுக்கு அதே சாம்பல் ரேகை கடைசிவரை கிடைக்கவில்லை.