மடியில் அளந்த சால்வை: குரோஷாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்பிடித் தடைக்காக ஏப்ரல் 15-இல் விசைப்படகுகள் நங்கூரம் போட்டால் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் கடலோர ஊரான மண்டபத்தில் மீன் காயப்போடும் வேலையும் இறால் உரிக்கும் வேலையும் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்தில்தான் என் வீட்டுத் திண்ணைக்குக் குரோஷா ஊசியோடு, அதாவது நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னும் கொக்கி ஊசியோடு, பெண்கள் வருவார்கள். இந்த வருஷம் வந்த ஐந்து பேரும் கேட்டது ஒன்றையே: வெயில் காலத்தில் தோளில் போட்டுக்கொள்ள, காற்று புகுகிற மாதிரி ஒரு மெல்லிய சால்வை. கடையில் ஸ்டோல் என்று விற்கிறார்களே, அதுதான்.

போன வாரம் அவர்களில் ஒருத்தி கிட்டத்தட்டப் பின்னி முடித்த சால்வையை மடியில் விரித்து, டேப்பை ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள். “அக்கா, 72 இஞ்ச் வந்துருச்சு. முடிச்சிரவா?”

எனக்குத் திக்கென்றது. நான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் செய்த அதே தப்பு. அதே மாதிரி மடியில் விரித்து, அதே மாதிரி சந்தோஷமாக. அவள் கேட்ட அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதத் தொடங்கியது இது. கண்ணி எண்ண மறப்பது, வரிசைக் கடைசியில் ஒன்றை விட்டுவிடுவது இதையெல்லாம் எழுதவில்லை. கை பழகப் பழக அவை தானாகப் போய்விடும். பழகிய கைக்கும் தெரியாமல் நடக்கிறவை மட்டும் இங்கே.

நூல் எண்ணைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

மில் நூலில் 20, 40, 60 என்று கவுண்ட் போட்டிருப்பார்கள். எண் கூடினால் நூல் தடிக்கும் என்று நினைத்து, மெல்லிய சால்வைக்கு 10-ஐ வாங்கி வந்து நிற்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு. எண் கூடக் கூட நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள நூல் கழி (சுற்று) எத்தனை வருகிறது என்பதுதான் அந்த எண். 20-ஆம் நம்பர் ஒற்றை நூலில் ஒரு பவுண்டுக்கு 16,800 கஜம் வரும். அதை அப்படியே பின்ன முடியாது, சிலந்தி வலையாகிவிடும். நாலு இழை சேர்த்தால் குரோஷாவுக்கு வாகாக இருக்கும்.

ஊசியில் மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். சில ஸ்டீல் ஊசிகளில் இருக்கும் அமெரிக்க எண்ணில் பெரிய எண் சிறிய ஊசி. இரண்டையும் குழப்பினால் சால்வை அட்டை மாதிரி நிற்கும். நான் நாலு இழை நூலுக்கு 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் எடுப்பேன். லேபிளில் சொல்வதைவிட ஒரு அளவு பெரியதாக எடுத்தால்தான் துணி தோளில் வழியும்.

எந்த நாட்டு ‘டபுள்’ என்று பார்க்காமல் தொடங்குவது

எனக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்த கான்வென்ட் சிஸ்டர் பிரிட்டிஷ் முறைப் புத்தகத்தை வைத்துப் பழகியவர். இப்போது வருகிறவர்கள் யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் பாதிக்கு மேல் அமெரிக்க முறை. அமெரிக்காக்காரர் சிங்கிள் என்று சொல்லும் கண்ணியை பிரிட்டனில் டபுள் என்பார்கள். அமெரிக்காவின் டபுள், பிரிட்டனின் ட்ரெபிள். பெயர் ஒன்று, கண்ணியின் உயரம் வேறு. வலை மாதிரி வரவேண்டிய சால்வை மிதியடி மாதிரி கெட்டியாக வந்து நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குறிப்பில் எங்கேயாவது ‘சிங்கிள் குரோஷே’ என்று வந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது.

மடியில் அளந்து முடிப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பதினோரு வருஷத்துக்கு முன், மதுரையிலிருந்து ஒரு குடும்பம் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளைச் சால்வை ஒன்று கேட்டது. அதுதான் எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். நூலுக்கு மட்டும் 900 ரூபாய். விலை 3,500 என்று பேசி முடித்தோம். நாற்பது நாள் பின்னினேன், பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிய பிறகு. நீளம் 68, அகலம் 22 இஞ்ச். மடியில் விரித்து இரண்டு தடவை அளந்தேன். சரியாக இருந்தது. கொடுப்பதற்கு முந்தைய நாள் துவைத்து, மொட்டை மாடிக் கொடியில் தொங்கப் போட்டேன்.

சாயங்காலம் எடுக்கப் போனபோதே கையில் வித்தியாசம் தெரிந்தது. டேப்பை வைத்தால் நீளம் 82. அகலம் 18. பூவேலை இருந்த இடமெல்லாம் நீண்டு, வட்டமாக இருந்த ஓட்டைகள் சீப்புப் பல் மாதிரி ஆகியிருந்தன. மறுநாள் அந்த அம்மா தோளில் போட்டுப் பார்த்தார். இரண்டு முனையும் முழங்கால் வரை தொங்கின. “பரவால்லம்மா, வேற பார்த்துக்கறோம்” என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்ப நனைத்து, அகலத்தில் இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தேன். பார்க்கச் சரியாகிவிட்டது. ஒரு மணி நேரம் தோளில் போட்டேன், மறுபடி நீண்டுவிட்டது. கடைசியில் முழுவதையும் பிரித்தேன்.

ஏன் இப்படி ஆனது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

பருத்திக்கு மீள்கிற குணம் குறைவு. கம்பளி இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருப்பதால் இழுத்துவிட்டால் திரும்பிவிடும். பருத்தி இழுத்த இடத்திலேயே நிற்கும். நாம் பார்க்கிற வீடியோக்களில் பலர் குளிர் நாட்டில் உட்கார்ந்து கம்பளியிலோ கம்பளி கலந்த நூலிலோ பின்னுகிறார்கள். அவர்கள் சொல்லும் அளவு அவர்கள் நூலுக்குச் சரி. பருத்தியில் அதை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவோம்.

அடுத்தது, சால்வையின் பின்னல். கோடைக்கென்று நாம் போடுவது நெட்டைக் கண்ணியும் சங்கிலி வளையமும்தான். இரண்டிலும் நூலுக்கு நடுவே வெற்றிடம் அதிகம். எடை இழுக்கும்போது நூல் நீளவே வேண்டாம், வளையங்கள் நிமிர்ந்தாலே போதும். நிமிர்கிற ஒவ்வொரு வளையமும் அகலத்தைக் கொடுத்து நீளத்தை வாங்கிக்கொள்கிறது. கெட்டியாகப் பின்னிய பையில் இது அவ்வளவாக நடக்காது.

மூன்றாவது, நனைந்த எடை. 250 கிராம் சால்வையைச் சொட்டச் சொட்ட வாளியிலிருந்து தூக்கினால் அரைக் கிலோவைத் தாண்டும். அந்த எடை முழுவதும் கொடியில் பட்ட ஒரு கோட்டிலிருந்து தொங்குகிறது. பருத்தி நனைந்தால் இன்னும் வலுவாகும், அதனால் அறுந்து எச்சரிக்கை கொடுப்பதும் இல்லை. சத்தமில்லாமல் நீண்டுகொண்டே போகும்.

நான்காவது நம் ஊர்க் காற்று. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தாலே பருத்தி தன் உலர்ந்த எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இங்கே அதைவிட ஈரமான நாட்கள்தான் அதிகம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்து தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மாடியில் காய்ந்த துணியை நாக்கில் தொட்டுப் பாருங்கள், கரிக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இன்னும் இழுக்கும். காய்ந்த துணியே சாயங்காலம் பிசுபிசுவென்று கனத்துவிடும்.

என் தாத்தா பருத்தி நூலில் வலை பின்னிய காலத்து மனிதர். புது வலையின் கண்ணி என்ன அளவு என்று யார் கேட்டாலும், “ஒருக்கா தண்ணி குடிச்சு ஏறட்டும், அப்புறம் அளப்போம்” என்பார். சின்ன வயதில் நூறு தடவை கேட்ட பேச்சு. என் கையிலும் பருத்தி நூல்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சால்வைக்கு எடுக்கப்போகும் அதே நூல், அதே ஊசி, அதே பூவேலையில் 8 இஞ்சுக்கு 8 இஞ்ச் மாதிரித் துண்டு ஒன்று பின்னுங்கள். நாலு இஞ்ச் போதும் என்பார்கள். ஓட்டை வேலைக்கு அது போதாது. துவைத்து, பாயில் விரித்துக் காயவிடுங்கள். முதல் துவையலில் பருத்தி கொஞ்சம் சுருங்கும், அந்தக் கணக்கு இதிலேயே தீர்ந்துவிடும். காய்ந்த பிறகு மேல் விளிம்பை ஒரு குச்சியில் கோத்துத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் இடைவெளி விட்டு நாலைந்து துணிக் கிளிப்பை மாட்டுங்கள். ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும். காலையில், தொங்கும்போதே அளந்துகொள்ளுங்கள்.

கிளிப் எதற்கு என்று கேட்பார்கள். தோளுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணி, கீழே தொங்கும் இரண்டடித் துணியையும் சேர்த்துச் சுமக்கிறது. சின்னத் துண்டு தன்னை மட்டுமே சுமக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கிளிப் ஈடுகட்டும்.

கணக்கு சுலபம். 8 இஞ்ச் நீளம் 9 ஆகியிருந்தால், தோளில் 72 வேண்டும் என்பவர் மடியில் 64-இல் நிறுத்த வேண்டும். 8 இஞ்ச் அகலம் 7 ஆகியிருந்தால், 21 வேண்டும் என்பவர் 24-க்குத் தொடங்க வேண்டும்.

திண்ணையில் இருந்தவளுக்கு அன்றைக்கே மாதிரித் துண்டு பின்னச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஒரு நாள் வீணாகுதே என்று. ஒன்றரை மணி நேர வேலை அது. துவைத்துக் காயவைத்து, மறுநாள் ராத்திரி ஜன்னல் கம்பியில் கிளிப்போடு தொங்கவிட்டோம். காலையில் அவளே டேப்பைப் பிடித்தாள். 8 இஞ்ச், 9-ஐத் தொட்டு நின்றது. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து எட்டு இஞ்சைப் பிரித்தாள். பிரித்த நூலை நான் உருண்டையாகச் சுற்றிக்கொடுத்தேன்.

துவைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். கிணற்றுத் தண்ணீர் இங்கே பல வீடுகளில் உவர்ப்பு. சோப்போடு சேர்ந்து திரிந்து நூலில் வெள்ளையாகப் படியும், சால்வை விறைக்கும். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கி, ஓலைப்பாய் மேல் பழைய வேட்டியை விரித்து, நிழலில் படுக்கப் போட்டுக் காயவையுங்கள். கொடி வேண்டவே வேண்டாம்.

அக்ரிலிக் நூல்

வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது.

தொடக்கச் சங்கிலியை இறுக்குவது

நீளவாக்கில் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டும். முந்நூறு சங்கிலி போடும்போது பதற்றத்தில் கை இறுகிவிடும். பத்து வரிசை போனபின் அந்த விளிம்பு மட்டும் தோணி மாதிரி வளையும். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. சங்கிலிக்கு மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியை எடுங்கள், முதல் வரிசையில் பழைய ஊசிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வரிசை நடுவில் முடிச்சு

வலை பின்னும் வீட்டிலிருந்து வருகிற பெண்களுக்கு இது கைப்பழக்கம். நூல் தீர்ந்ததும் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்துவிடுவார்கள். அவ்வளவு அழகான முடிச்சு. வலையில் கண்ணியைப் பிடித்து நிறுத்துவதே முடிச்சுதான். குரோஷாவிலோ கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவிக்கொண்டே இருக்கும். முடிச்சு நகர்ந்து நகர்ந்து ஏதாவது ஓட்டை நடுவில் வந்து துருத்திக்கொண்டு நிற்கும், இரண்டு துவையலில் அவிழ்ந்தும் போகும். புது நூலை வரிசை ஓரத்தில் சேருங்கள். இரண்டு பக்கமும் ஆறு இஞ்ச் வால் விட்டு, கெட்டியான கண்ணிகளுக்குள் ஒரு பக்கம் போய் எதிர்ப்பக்கம் திரும்புகிற மாதிரி ஊசியால் கோத்துவிடுங்கள்.

லாட் நம்பர்

ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குக் கொடுக்கும் எண் அது. எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கட்டும். இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

துருப்பிடிக்கும் ஊசி

முலாம் பூசிய மலிவு ஊசி கடலோரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. கொக்கியின் உள்வளைவில்தான் முதலில் துரு வரும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் வெள்ளை நூலில் பழுப்புக் கோடாகத் தெரியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்தால் புதுக்கறை மங்கும், ஆனால் சாய நூலில் அதைச் செய்தால் சாயமும் சேர்ந்து வெளுக்கும். அலுமினியமோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள். பின்னிவிட்டு உள்ளங்கை வியர்வையைத் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

பீரோவில் ஹேங்கரில் மாட்டுவது

மடித்து வையுங்கள். ஹேங்கரும் கொடிதான்.