மத்திய அரசு வேலையில் சேர்ந்தாச்சு, பென்ஷன் கணக்கு தொடங்குவது எப்படி?

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, முப்படையினர் நீங்கலாக, என்.பி.எஸ். எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டம் கட்டாயம். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து அதில் 10% நம்மிடம் பிடிப்பார்கள், அரசு 14% போடும். இது தெரிந்ததுதான், விஷயத்துக்கு வருவோம்.

படி 1: சேர்ந்த அன்றே சம்பளப் பிரிவில் பிரான் எண்ணுக்கான (அதாவது நம் பென்ஷன் கணக்கு எண்ணுக்கான) விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனிலும் செய்யலாம், ஆனால் எப்படியும் அலுவலகம்தான் ஒப்புதல் தர வேண்டும் என்பதால் நான் காகிதத்தையே விரும்புவேன், கேட்டால் கையில் ஒரு நகலாவது இருக்கும்.

படி 2: பெயர். இதில்தான் நான் மாட்டினேன். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. என் ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், பானில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் மூன்று ஆள் மாதிரி இருந்ததால் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பான் விண்ணப்பத்தில் பெயருக்கு வெறும் இனிஷியல் போட விடமாட்டார்கள், அதனால் பானில் உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். நான் முதல் தடவை அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டு, ஒரு வாய்ப்பை வீணாக்கினேன்.

படி 3: என்.பி.எஸ்.ஸா, யு.பி.எஸ்.ஸா? யு.பி.எஸ். என்பது ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், என்.பி.எஸ்.ஸுக்குள்ளேயே உள்ள இன்னொரு தேர்வு. 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்பவர்களுக்கு இதைச் சொல்ல 30 நாள்தான். வாய் திறக்காவிட்டால் என்.பி.எஸ்.தான். யு.பி.எஸ்.ஸில் 25 வருஷம் வேலை பார்த்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி பென்ஷனாக வரும், 10 வருஷம் முடித்தவர்களுக்குக் குறைந்தது மாதம் 10,000 ரூபாய். சின்ன வயதில் சேர்ந்து கடைசிவரை இங்கேயே இருக்கப்போகிறவர் என்றால் என் ஓட்டு யு.பி.எஸ்.ஸுக்கு. நடுவில் வேறு வேலைக்குத் தாவும் எண்ணம் இருந்தால் என்.பி.எஸ்.

படி 4: என்.பி.எஸ்.ஸில் இருப்பவர்களுக்குப் படிவம் 1 என்று ஒன்று உண்டு. பணியில் இருக்கும்போது நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குப் பழைய பென்ஷன் விதியா, என்.பி.எஸ். பணமா என்று அதில் எழுதித் தர வேண்டும். நான் கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்கள்.

பின்சேர்க்கை: முன்பு தனியார் வேலையிலோ மாநில அரசிலோ இருந்தபோதே பிரான் எண் வாங்கியவர்கள் என்ன செய்வது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். புதிதாக வாங்கவே கூடாது. ஒருவருக்கு ஒரே பிரான், அந்தப் 12 இலக்க எண்ணையே எழுதிக் கொடுத்து, கணக்கைப் புது அலுவலகத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.