ஒரு குறு விண்மீன் மண்டலத்தின் வரலாற்றை வரைபடமாக வரைந்து பார்ப்போம்

பினாங்கில் வானியல் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தத் தொலைநோக்கி வாங்கலாம், அண்ணா?" என்பதுதான். இந்தப் பயிற்சிக்குத் தொலைநோக்கியே வேண்டாம். ஒரு மடிக்கணினி, இணையம், படிவம் நான்கில் படித்த மடக்கை போதும்.

முதல் படி: விண்மீன்களில் உள்ள தனிமங்களின் அளவுகளைத் தொகுத்துவைத்திருக்கும் ஜப்பானிய ஆய்வாளர்களின் சாகா தரவுத்தளத்தைத் திறந்து, பால்வீதிக்கு அருகிலுள்ள ஸ்கல்ப்டர் என்ற குறு மண்டலத்தின் விண்மீன்களைத் தேர்ந்தெடுங்கள். 1938-இல் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி அறிவித்த மண்டலம் இது. தூரம் சுமார் 280,000 ஒளியாண்டுகள். நவம்பர் இரவுகளில் நம் தெற்கு வானில் பாதி உயரத்துக்கு ஏறி நிற்கும். ஆனால் ஒளி அவ்வளவு மங்கல், வெறுங்கண்ணுக்குத் தென்படாது.

இரண்டாம் படி: கிடை அச்சில் ஹைட்ரஜனுக்கு எதிரான இரும்பின் அளவு, மடக்கையில். சூரியன் 0, −1 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, −2 என்றால் நூறில் ஒரு பங்கு. செங்குத்து அச்சில் இரும்புக்கு எதிரான மக்னீசியம், அதே முறையில்.

மூன்றாம் படிதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். இடப்பக்கம் புள்ளிகள் ஏறக்குறைய +0.4 உயரத்தில் கிடக்கும். வலப்பக்கம் போகப்போகச் சரியும். காரணம் இருவகைச் சூப்பர்நோவாக்கள், அதாவது விண்மீன் வெடிப்புகள். சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மக்னீசியத்தை அள்ளித் தருகின்றன. சூரியனைப் போன்ற விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் எஞ்சும் வெண்குறு விண்மீன்கள் வெடிக்கும் முதலாம்-ஏ வகை தாமதமாக வரும். அது தருவது பெரும்பாலும் இரும்பு. மக்னீசியம் மிகக் குறைவு. அதனால்தான் அந்தச் சரிவு.

சரிவு எங்கே தொடங்குகிறது? பால்வீதியில் −1 அருகே. ஸ்கல்ப்டரில் −1.8 அருகே, அதாவது சூரியனின் அறுபதில் ஒரு பங்கு இரும்பை எட்டியபோதே. அங்கே விண்மீன்கள் மெதுவாகப் பிறந்ததால், முதலாம்-ஏ வெடிப்புகள் வந்தபோது இரும்பு குறைவாகவே சேர்ந்திருந்தது. ஈர்ப்பு குறைவு என்பதால், உருவான தனிமங்களில் ஒரு பகுதி வாயுவோடு வெளியேறியும் போனது. கிடை அச்சைக் கடிகாரமாக நினைக்க வேண்டாம். ஒரே இரும்பு அளவை இரு மண்டலங்கள் வெவ்வேறு காலத்தில் எட்டியிருக்கும். இந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தியே இதுதான்.

வெவ்வேறு ஆய்வுக்குழுக்களின் அளவீடுகளை ஒரே நிறத்தில் கலக்காதீர்கள். அவர்களின் கணக்கீட்டு முறைகள் வேறுபடும். ஒவ்வோர் அளவும் எவ்வளவு தவறலாம் என்று காட்டும் பிழைக்கோடுகளையும் சேர்த்தே வரையுங்கள். பிறகு கரீனா என்ற இன்னொரு குறு மண்டலத்தை எடுத்து இதையே செய்து பாருங்கள். அங்கே விண்மீன்கள் இடைவெளிவிட்டுப் பல அலைகளாகப் பிறந்தன. மக்னீசியப் புள்ளிகள் நன்றாகவே சிதறிக் கிடக்கும்.