பனிநாட்டுப் பழத்தோட்டத்தை உச்சிப்புளியில் போடும் முன்

வெளியே பனி கொட்ட, பசுமைக்குடிலுக்குள்ளே எலுமிச்சை காய்த்துத் தொங்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொய்யில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆரஞ்சு விளைகிறது. ஐஸ்லாந்தில் நிலத்தடி வெந்நீரை வைத்து வாழை வளர்க்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், உச்சிப்புளி, சாயல்குடிப் பக்கம் குழி வெட்டக் கிளம்புவதில்தான் வம்பு.

நெப்ராஸ்காவில் குழாய்களைச் சுமார் எட்டடி ஆழத்தில் புதைத்து, அதன் வழியே காற்றை ஓட்டிக் குடிலைச் சூடாக்குகிறார்கள். அந்த ஆழத்து மண், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே வருடம் முழுக்க இருக்கும். அங்கே அது 10 டிகிரி அளவு. வெளியே மைனஸ் 20 என்றால் பெரிய வரம். நம்மூரில் 28 டிகிரியைச் சுற்றி நிற்கும். அந்தக் கொஞ்சக் குளுமைக்காகப் பள்ளம் தோண்டினால் கட்டுப்படியாகாது.

அதைவிடச் சிக்கல் தண்ணீர். ராமேசுவரம் தீவில் மணலில் சில அடி ஊத்து தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். ஆனால் அது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. ஆழம் போனால் உவர்தான். சோவியத் நாட்டில் எலுமிச்சையை அகழிக்குள் நட்டுப் பனியிலிருந்து காத்தார்கள். இங்கே அதே அகழியில் ஐப்பசி மழை தேங்கி வேர் அழுகும்.

பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிய பாலிஹவுஸும் வெயிலைப் பிடித்து வைக்கப் பிறந்ததுதான். 'ஃபேன், பேட் போட்டுக்கலாம்ணே' என்பார்கள். அதாவது ஈரமான அட்டை வழியே காற்றை இழுத்துக் குளிர வைப்பது. நீர் ஆவியானால்தான் காற்று குளிரும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது குறைவு. ஓசூரில் பாலிஹவுஸுக்குள் ரோஜா வளர்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். இங்கே உப்புக்காற்றில் போல்ட்டைத் துரு தின்னும், புயல் மாதத்தில் ஷீட் பறக்கும். நிழல்வலையும் சவுக்கு வேலியும் போதும்.

ஆப்பிள் கன்று விற்க வருகிறவர்களும் உண்டு. குறைந்த குளிர் போதும் என்ற ரகங்களுக்கே 7 டிகிரிக்குக் கீழே சில நூறு மணிநேரம் வேண்டும். இங்கே மார்கழி விடியலில்கூட 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆசைக்கு முற்றத்தில் ஒன்று வைக்கலாம். கடன் வாங்கித் தோப்பு வைக்காதீர்கள்.

இங்கே காய்க்கும் பருவத்தை மாற்றக் கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவது) வெளிச்சமும் உதவும். கொய்யா புதுத்துளிரில் பூக்கும். பூத்து நாலைந்து மாதத்தில் அறுக்கலாம். விலை ஏறும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக் கவாத்து செய்யுங்கள். பூ அடைமழையில் மாட்டக் கூடாது. தண்ணீரை நிறுத்திப் பூக்க வைக்கும் முறையும் உண்டு, இங்கே அதில் கவனம் வேண்டும். மணலில் மரம் சட்டென்று வாடும், உப்பும் வேரருகே செறியும்.

டிராகன் பழம் நீண்ட பகலில் பூப்பது. வியட்நாமில் நடுராத்திரியில் சில மணிநேரம் பல்பு எரித்துப் பருவமில்லாத காலத்தில் காய்க்க வைக்கிறார்கள். தோட்டத்து மூலையில் ஒரு ஃபோகஸ் லைட் வைத்தால் நடக்காது. ஒவ்வொரு கொடியிலும் வெளிச்சம் விழ வேண்டும், வாரக்கணக்கில்.

பல்பு வாங்கும் முன் போர்வெல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சோதியுங்கள். பலரும் தை மாதத்தில் எடுத்துப் போகிறார்கள். மழை முடிந்த கையோடு எந்தத் தண்ணீரும் நல்லதாகவே தெரியும். சித்திரையில் எடுங்கள். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் தண்ணீருக்கு எந்த மரம் தாங்கும் என்று அங்கே கேளுங்கள். இலந்தை, சப்போட்டா என்று பதில் வந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.