மழை விட்ட மாலை: கொடைக்கானல் ஏரியை நீர்வண்ணத்தில் தீட்டலாம்

கொடைக்கானல் ஏரி என்றதும் பலர் தீட்டுவது ஒரே படத்தைத்தான்: நீல வானம், பச்சை மரங்கள், நடுவே ஒரு படகு. மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863-இல் அமைத்த இந்த நட்சத்திர வடிவ ஏரிக்கு இன்னொரு முகம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு, மேற்கே மட்டும் மேகம் விலகும்போது அது தெரியும். கிழக்கு வானம் கறுத்து நிற்க, தாழ்ந்த வெயில் கரையையும் படகுகளையும் மஞ்சளாக்கும். வானம் இருண்டு, தரை ஒளிரும். இந்தத் தலைகீழ் வெளிச்சம்தான் நம் படத்தின் கரு.

கனமான 300 ஜிஎஸ்எம் காகிதம், பென்சில், பெரியதும் சிறியதுமாக இரண்டு உருண்டைத் தூரிகைகள் போதும். வண்ணங்கள்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரீன் (அடர் நீலம்), கொஞ்சம் சிவப்பு.

1. ஆளைத் தேடுங்கள்

சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். படகுத் துறையில் ஒருவர் படகுக்குள் தேங்கிய மழைநீரைப் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனால் மொண்டு வெளியே வீசிக்கொண்டிருப்பார். முதுகு வளைந்திருக்கும், ஒரு கால் படகின் விளிம்பில் ஊன்றியிருக்கும், வீசிய தண்ணீர் ஒரு நொடி பொன்னாக மின்னும். “அண்ணே, அப்படியே நில்லுங்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் நிமிர்ந்து சிரிப்பார், படம் போயிற்று. வானவில் வந்தாலும் விட்டுவிடுங்கள். வந்தால் படம் காலண்டர் ஆகிவிடும்.

2. மூன்றே சாயல்கள்

இந்த வெளிச்சம் பத்து நிமிடம் நின்றால் அதிர்ஷ்டம். ஆகவே முதலில் உள்ளங்கையளவு பென்சில் குறிப்பு: வெள்ளை, நடுத்தரம், கருமை. வெள்ளையைப் படகுக்கும் ஆளுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நிழலைத் தானாகவே வெளுப்பாக்கிவிடும். சாயலுக்குப் பென்சில் குறிப்பையே நம்புங்கள்.

3. மஞ்சள் முதலில்

வெயில் படும் இடங்களில் ஓக்கரை நீர்க்கக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். காயாத மஞ்சளில் நீலம் கலந்தால் பச்சையாகிவிடும்.

4. வானம்

துணிச்சல் வேண்டிய இடம் இதுதான். அல்ட்ராமரீனோடு பர்ன்ட் சியன்னாவைக் கலந்தால் ஆழமான சாம்பல் கிடைக்கும். கடையில் வாங்கும் கறுப்பைவிட இதற்கு உயிர் அதிகம். வானப் பகுதியை மட்டும் நனைத்து, மேலிருந்து கீழே இறக்குங்கள். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளுக்கும் என்பதால், கண்ணுக்குச் சரியாகத் தெரிவதைவிட ஒரு படி அடர்த்தியாகவே போடுங்கள். புதியவர்கள் பலர் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். வானம் வெளிறினால் கரையின் வெயிலுக்கு வேலையே இல்லை.

5. தண்ணீர்

அதே சாம்பல்தான். ஒளிரும் பொருளின் பிம்பம் தண்ணீரில் சற்று மங்கும். கரிய பொருளின் பிம்பம் சற்று வெளுக்கும். படகின் பிம்பம் நேர் கீழே விழ வேண்டும், சாய்ந்துவிடக் கூடாது.

6. ஆள்

கண், மூக்கு வேண்டாம். தலையைச் சிறிதாக வையுங்கள். வெயில் படும் முதுகை மஞ்சளாகவே விட்டு, நிழற்பக்கத்தில் நீலமும் சிவப்பும் கலந்த ஊதாவைத் தொட்டுவிடுங்கள். தாழ்ந்த சூரியனின் மஞ்சள் எட்டாத நிழலை மேகத்தின் சாம்பல் வெளிச்சம்தான் நிரப்புகிறது. பக்கத்து மஞ்சளுக்கு எதிரே அது கண்ணுக்கு ஊதாவாகத் தெரியும்.

வீசிய தண்ணீருக்குக் கடைசியில் பிளேடு நுனியால் காகிதத்தை மெல்லக் கீறினால் வெள்ளைத் துளிகள் தெறிக்கும். ஈரக் காகிதம் கிழியும் என்பதால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். ஆனால் கொடைக்கானல் குளிரில் காய்ந்த காகிதமும் சில்லென்றுதான் இருக்கும். வண்ணம் படாத ஓரத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால், கீறும் வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள்.